வீட்டு எறும்பு ஒரு வாரம் சர்க்கரையையும் மறு வாரம் மீன் முள்ளையும் மொய்ப்பது ஏன்?

கேள்வியைப் படித்ததுமே எங்கள் சொசைட்டி செக்ரட்டரியின் முகம்தான் ஞாபகம் வந்தது. உங்களிடமும் யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு மழைக்காலத்தில் சமையல் மேடை, சுவிட்ச் போர்டு, பிள்ளையின் படுக்கை எங்கும் மஞ்சளாகப் பொடி எறும்பு. 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. கருவாடு வாங்குகிற வீட்டுக்குத்தான் எறும்பு வரும் என்று செக்ரட்டரி ஹிந்தியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

கோபத்தில் சோதித்தே பார்த்துவிட்டேன். ஒரு மூடியில் சர்க்கரைத் தண்ணீர், இன்னொன்றில் நெத்திலிக் கருவாட்டுத் தூள். நாலு நாளும் கூட்டம் சர்க்கரைக்குத்தான். லிஃப்டில் அவரைப் பார்த்துச் சொல்லியும் காட்டினேன். ஆறாம் நாள் கருவாட்டு மூடியே கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு எறும்பு!

அப்புறம்தான் படித்தேன். வேலைக்கார எறும்புக்குத் தெம்பு தருவது இனிப்பு. மீனில் இருக்கிற புரதம் பெரும்பாலும் புழுக்களுக்கும் (எறும்பின் குஞ்சுகள்தான்) முட்டையிடும் ராணிக்கும். புற்றில் புழு பெருகினால் மீன் தேடும், குறைந்தால் சர்க்கரைக்குத் திரும்பும். (நான் விஞ்ஞானி இல்லை, பி.காம். திருத்த வருகிறவர்கள் மெதுவாகத் திருத்தவும்.)

இனிப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அர்ஜென்டினா எறும்புக்கு ஆய்வகத்தில் சர்க்கரையை அதிகம் கொடுத்தபோது அது கூடுதலாக ஓடியது, சண்டைக்கும் நின்றது. இந்தியப் பெருங்கடலில் இருக்கிற கிறிஸ்துமஸ் தீவில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றதற்கும் பின்னால் இருந்தது, மரத்தில் ஒட்டி வாழும் செதில் பூச்சிகள் சுரக்கும் தேன்பாகுதான். 2016-ல் அந்தப் பூச்சியைத் தாக்கும் குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். எறும்பை விட்டுவிட்டு அதன் சோற்றில் கைவைத்தார்கள். அதே எறும்புதான் 2022-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் எங்கள் நத்தம் பக்கம் கரந்தமலையில் பெருகியது. கடிக்காது, ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். ஆடுமாடுகளுக்குக் கண் போகிறது என்று ஊர்க்காரர்கள் சொன்னபோது இங்கே ஆபீசில் சிரித்தார்கள். அது தனிக் கதை.

எங்கள் வீட்டில் இருந்தது ஃபாரோ எறும்பு. ஒரு புற்றில் பல ராணிகள். மருந்து அடித்தால் கூட்டம் பிரிந்து நாலு இடத்தில் குடியேறும். செக்ரட்டரி அனுப்பிய ஆள் அடித்தார். பத்தே நாளில் பாத்ரூமிலும் எறும்பு, மேல்மாடியிலும் எறும்பு. மேல்மாடி என்றால் செக்ரட்டரி வீடு, வெங்காயம்கூட நுழையாத வீடு.

கடைசியில் பலன் தந்தது இதுதான்: 100 மில்லி தண்ணீர், 25 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட். ஆசிட் கூடினால் எறும்பு தொடாது. மெதுவாகக் கொன்றால்தான் அது புற்று வரை போய் ராணிக்கும் ஊட்டும். மீன் வாரத்தில் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று என்னைத் திட்டாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

மருந்து அடித்த 1,200 ரூபாயை எங்கள் மெயின்டெனன்ஸ் பில்லில் மட்டும் ஏற்றினார்கள். மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன், இன்னும் கழிக்கவில்லை.