பெட்டிக்கு ஆறு குச்சி குறைவு: வழக்கு போடலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், விழுப்புரம் பக்கம். மளிகைக் கடையில் இரண்டு பண்டல் தீப்பெட்டி வாங்கினேன். பண்டலுக்குப் பத்துப் பெட்டி, 20 ரூபாய். பெட்டியில் ‘50 குச்சிகள்’ என்று அச்சிட்டிருக்கிறது. விடுமுறைக்கு வந்த பேத்திக்கு எண்ணிக்கை பழக்கலாம் என்று ஒரு பண்டலைப் பிரித்துத் தரையில் கொட்டினால், முதல் பெட்டியில் 43, அடுத்ததில் 45. பத்தும் சேர்ந்து 440தான் வந்தது. இன்னொரு பண்டல் பிரிக்காமல் இருக்கிறது. பில் வாங்கவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் கேட்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். வழக்கு நிற்குமா?

பதில்: சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் ஐயா. வழக்கு நிற்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த 5 லட்சம் நிற்காது.

உங்கள் நஷ்டம் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். 500க்கு 60 குச்சி குறைவு என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு. 20 ரூபாயில் அது 2 ரூபாய் 40 காசு. “இதுக்கெல்லாம் கேஸா?” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிக் கேட்பதில்லை. மாவட்ட ஆணையத்துக்கு வரும் வழக்குக்கு மேல் வரம்பு உண்டு, கீழ் வரம்பு கிடையாது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

இதைவிடச் சின்ன விஷயம் ஒன்று நம் பக்கத்திலேயே ஜெயித்திருக்கிறது. 2021 டிசம்பரில் சென்னைக்காரர் ஒருவர் தெரு நாய்களுக்குப் போட மணலியில் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பிஸ்கட் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று இருந்தது, உள்ளே 15. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். பிஸ்கட்டைத் தயாரிக்கும் ஐ.டி.சி. நிறுவனம் சொன்ன பதில்: நாங்கள் எண்ணிக்கை பார்த்து விற்பதில்லை, எடை பார்த்து விற்கிறோம், உறையில் 76 கிராம் என்று போட்டிருக்கிறோமே. சரி, எடை போடு என்று நிறுத்துப் பார்த்தால் 74 கிராம். பாக்கெட்டுக்கு 4.5 கிராம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்று விதி இருக்கிறதே என்றார்கள். நாள்பட எடை குறையும் பொருளுக்குத்தான் அந்தச் சலுகை, பிஸ்கட்டுக்கு இல்லை என்றது ஆணையம். 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 1 லட்சம் இழப்பீடு, 10,000 வழக்குச் செலவு, அந்த பேட்ச் பிஸ்கட்டை விற்பதை நிறுத்த வேண்டும் என்ற உத்தரவு.

அந்தச் சலுகை பற்றி ஆணையம் சொன்னது எனக்கு முழுதாக ஒப்பவில்லை. அடைக்கும்போது கொஞ்சம் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அந்த விதிகளே எழுதப்பட்டிருக்கின்றன. என்னைக் கேட்டால் அந்த வழக்கு ஜெயித்தது வேறு காரணத்தால். எண்ணிக்கையை எங்களிடம் கேட்காதே, எடையைப் பார் என்றார்கள். பார்த்தால் எடையும் குறைவு.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2013இல் சப்வே என்ற உணவகத் தொடரின் ‘ஃபுட்லாங்’ சாண்ட்விச்சை ஆஸ்திரேலியப் பையன் ஒருவன் அளவுகோலோடு வைத்துப் படமெடுத்துப் போட்டான். பெயரிலேயே ஓரடி, அதாவது 12 அங்குலம். படத்தில் 11. ‘ஃபுட்லாங்’ என்பது எங்கள் வணிகப் பெயர்தான், அளவு இல்லை என்று கம்பெனி சமாளிக்கப் பார்த்தது. அமெரிக்காவில் வழக்குகள் குவிந்தன. விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், ரொட்டி மாவு ஒரே எடையில்தான் கடைக்கு வருகிறது. அடுப்பில் வேகும்போது சிலது நீளத்தில் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. சாப்பிட்டவருக்கு ரொட்டி குறையவில்லை. ஆனாலும் சமரசம் பேசி, வக்கீல்களுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் கட்டணம் என்று முடிவானது. வாங்கிச் சாப்பிட்ட பொதுஜனத்துக்கு ஒரு காசு கிடையாது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சமரசத்தைத் தூக்கி எறிந்தது. எறிந்தது சரிதான்.

ஆகவே உங்கள் வழக்கில் நான் கேட்பது ஒரே கேள்வி: எண் குறைந்தபோது பொருளும் குறைந்ததா? குச்சி குறைந்தால் பொருளே குறைந்ததுதான். ரொட்டி மாதிரி சுருங்கிப்போச்சு என்று சொல்ல முடியாது.

உங்கள் பக்கம் இன்னொரு வலுவான விஷயம் இருக்கிறது, கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 1ஆம் தேதி தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது. பதினான்கு வருடம் கழித்து ஏற்றிய விலை. அப்போது உற்பத்தியாளர்கள் சொன்ன கணக்கு நினைவிருக்கிறதா? 36 குச்சி இருந்த பெட்டியில் இனி 50 இருக்கும் என்றார்கள். அந்த 50 என்பது விலையோடு சேர்ந்த பேச்சு. புகாரில் இதைத் தனிப் பத்தியாகவே எழுதுங்கள்.

அவர்கள் என்ன சொல்வார்கள்? பெட்டியை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். 50க்கு முன்னால் ‘சராசரி’, ‘சுமார்’ என்று கடுகு எழுத்தில் ஏதாவது இருந்தால், ஒரு பெட்டியில் 43 என்பது பெரிய விஷயமாக நிற்காது. சராசரி என்றால் ஒன்றில் குறையும், இன்னொன்றில் கூடும். உங்கள் பத்துப் பெட்டியில் ஒன்றாவது 50ஐத் தாண்டியதா? பத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதைச் சராசரி என்று யாரும் சொல்ல முடியாது. பெட்டிவாரியாக எண்ணிக்கையை எழுதி வையுங்கள். கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துச் சிறு ஆலைகளில் பெட்டியில் குச்சி அடைப்பது பெண்களின் கைதான், எண்ணி எண்ணி அடைக்க முடியுமா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்படியானால் அடைக்க முடிகிற எண்ணை அச்சடிக்கட்டும்.

இனி அந்த 5 லட்சம். விசித்திர வழக்கு என்று ஊர் சிரிப்பது பெரும்பாலும் குறையைப் பார்த்து இல்லை, கேட்கும் தொகையைப் பார்த்துத்தான். வாஷிங்டனில் ஒருவர், அவரே ஒரு தீர்ப்பாய நீதிபதி, சலவைக் கடையில் போட்ட பேன்ட் தொலைந்ததற்கு 5.4 கோடி டாலர் கேட்டார். கடையில் ‘திருப்திக்கு உத்தரவாதம்’ என்று பலகை மாட்டியிருந்ததாம். 2007இல் தோற்றார், பதவி நீட்டிப்பும் கிடைக்கவில்லை. நம் பிஸ்கட்காரரும் 100 கோடி அபராதம் எல்லாம் கேட்டிருந்தார், கிடைத்தது 1 லட்சம். 2 ரூபாய் 40 காசுக்கு 5 லட்சம் கேட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைப் பணத்தாசை பிடித்தவராகக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள். பண்டல் விலை, நியாயமான ஒரு செலவுத் தொகை, குச்சியைச் சரியாக அடை அல்லது எண்ணைத் திருத்து என்ற உத்தரவு. இவற்றோடு சட்டத்தின் 39ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. யார் யார் என்று தேடிப்பிடிக்க முடியாத அளவுக்குப் பலர் நஷ்டப்பட்டிருந்தால், ஆணையம் ஒரு தொகையைக் கட்டச் சொல்லலாம்; அது விற்ற குறையுள்ள பொருளின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தீப்பெட்டி வாங்குகிறவர்களை எங்கே போய்த் தேடுவது? உங்கள் வழக்குக்கு வலு சேர்ப்பது இந்தக் கோரிக்கைதான்.

பிரித்து எண்ணிய பண்டலைச் சாட்சியாக நம்பாதீர்கள். நீங்களே நாலு குச்சியை எடுத்திருக்கலாமே என்பார்கள். பிரிக்காத பண்டல்தான் உங்கள் சாட்சி. அதே கடையில் அதே பேட்ச் கிடைத்தால் இன்னொன்று வாங்கி, இந்த முறை பில் கேளுங்கள். தர மறுத்தால் யுபிஐயில் பணம் செலுத்துங்கள், அந்தப் பதிவாவது இருக்கும். பெட்டியில் உள்ள முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போட்டுப் பதினைந்து நாள் காத்திருங்கள். அதே சமயம் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். எடையளவுச் சட்டத்தை நம் மாநிலத்தில் பார்ப்பது அவர்கள்தான். ஆய்வாளர் முன்னால் எண்ணிய எண்ணிக்கைக்கு உள்ள மதிப்பு, பேத்தி எண்ணியதற்கு வராது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். இவை எதற்கும் அசையாவிட்டால் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே பதியலாம்.

பொறுமை மட்டும் வேண்டும். மதுராவில் ஒரு வக்கீலிடம் 1999இல் ரயில் டிக்கெட்டுக்கு 20 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார்கள். உங்கள் ஒரு பண்டல் விலை. 2022இல், நூறு தடவைக்கு மேல் ஏறி இறங்கிய பிறகு, வட்டியோடு அந்த 20 ரூபாயும் 15,000 அபராதமும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. உங்களுக்கு அவ்வளவு ஆகாது என்று நினைக்கிறேன், ஆனால் மூன்று மாதத்தில் முடியும் என்று சட்டத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பிரிக்காத பண்டலை அடுப்படியில் வைக்காதீர்கள். கரண்ட் போன ஒரு ராத்திரி யாராவது அவசரத்துக்குப் பிரித்துவிடுவார்கள். பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.