வேப்பிலைத் தண்ணி ஏன் பழுப்பாச்சு?

கேள்வி: என் பொண்ணு பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கிறா. லேப்ல வேப்பிலைய கொதிக்க வச்சு வடிகட்டி சில்வர் நைட்ரேட் கரைசல்ல ஊத்துனாங்களாம், சாயங்காலத்துக்குள்ள டீ டிகாஷன் மாதிரி ஆயிடுச்சாம், கேட்டா நானோ வெள்ளின்னு சொல்றா. இலைக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? கையில பட்ட துளி வேற கருப்பாயி சோப்புக்கும் போகல. என் மாமியார் இதக் குடிக்கலாமான்னு கேக்குறாங்க!
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பொண்ணு சொன்னது சரிதாங்க. சில்வர் நைட்ரேட்ட தண்ணில கரைச்சா வெள்ளி ஒரு எலக்ட்ரான் குறைஞ்ச அயனியா, கலரே இல்லாம சுத்திக்கிட்டு இருக்கும், அந்த ஒத்த எலக்ட்ரான யாராவது குடுத்துட்டா மறுபடி உலோகமாயிடும், அவ்ளோதான் சங்கதி. குடுக்குற ஆளுங்கள்ல முக்கியமானது இலைல இருக்குற பாலிஃபீனால் வகையறா. டீ குடிச்சா நாக்கப் பிடிக்குதே ஒரு துவர்ப்பு, அதே குடும்பம். இதுல பல மூலக்கூறுகள்ல ஒரு கார்பன் வளையத்துல ரெண்டு ஓஹெச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும், ரெண்டு எலக்ட்ரான விட்டுட்டு அது குயினோன்ங்கிற வேற பொருளா மாறிடும், ரெண்டு வெள்ளி அயனி அணுவாயிடும். புரோட்டீன்ல இருக்குற டைரோசின்ங்கிற அமினோ அமிலத்துலயும் இந்த மாதிரி ஒரு ஓஹெச் இருக்கு, அதுவும் இந்த வேலைய செய்யும்.

அப்புறம் அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி துகளா வளரும். சும்மா விட்டா அடியில வண்டலா படிஞ்சிடும், ஆனா இலைச்சாறுல இருக்குற மத்த மூலக்கூறுகள் மேல போர்த்திக்கிட்டு தடுத்துடும், அதனால நானோமீட்டர் (மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) கணக்குலயே நின்னுடுது, அதான் நானோ வெள்ளி. எனக்குப் பிடிச்ச இடம் இதுதான், செய்யுறதும் காவல் காக்குறதும் ஒரே சாறு! 2004லயே புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துல முரளி சாஸ்திரி குழு வேப்பிலைல தங்கம், வெள்ளி ரெண்டும் பண்ணிட்டாங்க.

கலர் எப்படின்னா, துகள்ல இருக்குற எலக்ட்ரான்கள் வெளிச்சத்தோட சேர்ந்து ஊஞ்சலாடும், அப்ப 420 நானோமீட்டர் பக்கத்துல இருக்குற ஊதா வெளிச்சத்த முழுங்கிடும், மிச்சம் நம்ம கண்ணுக்கு மஞ்சளா பழுப்பா தெரியுது. தங்க நானோ துகளுக்கு அது சுமார் 520, அதாவது பச்சை வெளிச்சம், அதான் சிவப்பா இருக்கும்.

கைல பட்டதும் ஏறக்குறைய இதே கதை, தோலும் வியர்வை உப்பும் வெளிச்சமும் சேர்ந்து வெள்ளி கருப்பா படிஞ்சிருக்கு. ஓட்டுப் போடறப்ப விரல்ல வைக்கிற மைசூர் மையிலயும் சில்வர் நைட்ரேட்தாங்க! தேய்க்காதீங்க, மேல்தோல் உதிர உதிர தானா போயிடும்.

மாமியார்கிட்ட கண்டிப்பா வேணாம்னு சொல்லிடுங்க. வேப்பிலைல செஞ்சாலும் வெள்ளி வெள்ளிதான், தொடர்ந்து உள்ள போனா தோல் நீலச்சாம்பலா மாறிடும், ஆர்ஜைரியான்னு பேரு, அது சோப்புக்கும் போகாது நாளாவட்டத்துலயும் போகாது.