ரப்பர் விளைல நடக்குறது காட்டுல நடக்குறதாகுமா? – கடிதம்

வணக்கம் சார்,

நான் சென்னை வேளச்சேரிலயே பிறந்து வளர்ந்தவ. வீட்டுக்காரருக்கு மாத்தலாகி குலசேகரம் வந்துருக்கோம், நான் வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை பாக்குறேன். முதல்ல ஊரே பிடிக்கல, ராத்திரி எட்டு மணிக்கு மேல ரோட்டுல ஈ காக்கா கிடையாது. அப்புறம் காலைல நாயைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் பின்னாடி இருக்குற காட்டுக்குள்ள நடக்க ஆரம்பிச்சேன், இப்ப அது இல்லாம பொழுதே விடிய மாட்டேங்குது. வரிசை வரிசையா மரம், மரத்துக்கு மரம் ஒரு சிரட்டை கட்டிருக்காங்க. போன வாரம் பின்னாடி யாரோ குச்சிய ஒடிக்கிற மாதிரி டப்பு டப்புன்னு சத்தம், ஒரே ஓட்டமா வீட்டுக்கு வந்துட்டேன். இருந்தாலும் பேச்சிப்பாறைக்கு மேல இருக்குற பெரிய காட்டுக்கும் போகணும்னு ஆசை. தனியா போலாமா? என்ன ஷூ வாங்கணும்? அட்டை கடிச்சா என்ன பண்றது? நாயையும் கூட்டிட்டுப் போலாமா?

ஆர்., குலசேகரம்

அன்புள்ள ஆர்,

சிரட்டைன்னு படிச்சதும் சிரிச்சுட்டேன், கோச்சுக்காதீங்க. அது காடு இல்ல, ரப்பர் தோட்டம், இங்க ரப்பர் விளைன்னு சொல்வாங்க. பக்கத்து வீட்ல ‘காட்டுக்குப் போய்ட்டு வரேன்’னு சொல்லிப் பாருங்க, “இது என்னத்த காடு, ரப்பர் வெளையில்லா”ன்னுதான் சொல்வாங்க.

அந்த டப்பு சத்தம் ரப்பர் காய் வெடிக்கிறது. மழை விட்டு நல்லா வெயில் அடிச்சா காய்ஞ்ச காய் பிளந்து விதையத் தூரமா தெறிக்க விடும். கீழ புள்ளி புள்ளியா, பளபளன்னு, பெரிய ஆமணக்குக் கொட்டை கணக்கா கிடக்குமே அதான், அடுத்தவாட்டி ஓடாம குனிஞ்சு ஒண்ணு எடுத்துப் பாருங்க. மரப்பட்டையச் சீவி சிரட்டைல பால் பிடிக்கிற வெட்டுக்காரங்க விடியுறதுக்கு முன்னாடியே தலைல லைட்டக் கட்டிட்டு வர்றதையும் பாத்துருப்பீங்க, வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் குறைஞ்சுரும். அவங்க நடக்குற தடத்துலயே நடங்க. மரத்தடில படர்ந்து கிடக்குற கொடிக்குள்ள கால வைக்காதீங்க, விரியன் சுருண்டு கிடந்தா கண்ணுக்குத் தெரியாது. சிரட்டையத் தட்டி விட்றாதீங்க, யாரோ ஒருத்தரோட அன்னைக்கு வருமானம் அது. விளைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டீங்கன்னா இன்னும் நல்லது.

இவ்ளோ சொல்றதுக்கு காரணம் இருக்கு. ரப்பர் அமேசான் பக்கத்து மரம், இங்க கோடு போட்டு நட்டு வச்சிருக்காங்க. ஒரே வயசு, ஒரே உயரம், நூறு அடி தள்ளி ஒரு ஆள் வந்தா கூட தெரியும். அதுல பழகுன கண்ணும் தைரியமும் காட்டுல உதவவே உதவாது. கீரிப்பாறைலருந்து காளிகேசம் போற ரோட்டுல போனா இது நல்லா புரியும், அரசு ரப்பர் தோட்டம் முடிஞ்சதும் வெளிச்சமே மாறிடும், பெரிய மரம், அதுக்குக் கீழ சின்ன மரம், கொடி, ஈத்தைன்னு சொல்ற காட்டு மூங்கில்னு அடுக்கடுக்கா, பத்தடிக்கு அந்தப்பக்கம் யானை நின்னா கூட தெரியாது. அது பெரிய சத்தமா போட்டுட்டு நிக்கும்னு நெனச்சுக்காதீங்க, அத்தனை பெரிய உருவம் சத்தமே இல்லாம நிக்கும். முறிஞ்சு கிடக்குற ஈத்தையும் சூடா கிடக்குற யானைச் சாணமும் உங்களுக்கு குப்பையாத் தெரியும், கூட வர்ற காணிக்காரருக்கு, அதாவது இந்த மலைல வாழ்ற பழங்குடிக்காரருக்கு, அது ‘யானை பக்கத்துல இருக்கு, திரும்பிப் போயிருவோம்’.

அதனால தனியா போகாதீங்க, போகவும் முடியாது. மலைல பெரும்பகுதி 2008லருந்து கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாம நுழைஞ்சா கேஸ். 2018 மார்ச்சுல தேனி குரங்கணில காட்டுத்தீல மாட்டி மலையேறப் போனவங்க இறந்தாங்களே, அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னு தனி விதிமுறையே வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ன்னு ஆரம்பிச்சு மாநிலம் முழுக்க 40 பாதைய ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி வச்சிருக்காங்க, நம்ம மாவட்டமும் அதுல உண்டு, வழிகாட்டியும் கூட வருவாங்க. காசு குடுத்து காட்டுக்குப் போறதான்னு சிலர் முகம் சுளிக்கிறாங்க. ஆத்தங்கரைல ஸ்பீக்கர வச்சு பாட்டப் போட்டு பாட்டில ஒடச்சுட்டு வர்றதுக்கு இது எவ்வளவோ மேல்.

வழிகாட்டிய வெறும் வழி சொல்ற ஆளா நெனைக்காதீங்க. 1987ல அகத்தியமலைக்குப் போன விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குது, கூட வந்த கேரளப் பக்கத்துக் காணிக்காரங்க ஏதோ ஒரு காயை மென்னுக்கிட்டே அலுப்பில்லாம நடந்துருக்காங்க. விசாரிச்சப்பதான் ஆரோக்கியப்பச்சைங்குற அந்தச் செடி வெளில தெரிஞ்சுச்சு, பின்னாடி அதுலருந்து மருந்தே வந்துச்சு. கூட நடக்குறப்ப கேளுங்க, ஆனா அவங்க சொல்லாம எதையும் பறிச்சு வாயில போட்றாதீங்க.

அட்டைக்குப் பயப்படாதீங்க. பிச்சு எடுக்காதீங்க, உப்பையும் கொட்டாதீங்க, வயித்துல இருக்குறத காயத்துலயே கக்கிட்டுதான் விடும். வாய்ப்பக்கம் தோலோட ஒட்டி நகத்த வச்சு மெதுவா தள்ளுனா விட்டுரும். ரத்தம் உறையாம இருக்க ஒரு சாமான அது ஏத்தி விடுறதால கொஞ்ச நேரம் நிக்காம வடியும், அவ்ளோதான், கழுவிட்டு அழுத்திப் பிடிங்க. ஷூ எந்த கம்பெனியா இருந்தா என்ன, அடி வழுக்கக் கூடாது, பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிருங்க.

நாய் மட்டும் வேண்டவே வேண்டாம். சரணாலயத்துக்குள்ள விட மாட்டாங்க, விட்டாலும் அது யானையப் பாத்துக் குரைக்கும், யானை தொரத்துனா நேரா உங்ககிட்டதான் ஓடி வரும். ரப்பர் விளைல தாராளமா கூட்டிட்டுப் போங்க, கயிறு மட்டும் கைல இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் காதுக்குள்ளயும் கால்விரல் இடுக்குலயும் உண்ணி இருக்கான்னு பாத்துருங்க.