பிடித்த கால்பந்து வீரர் ஓய்வு பெற்றதற்கு அழுவது அசட்டுத்தனமா?

இல்லை. உங்களிடம் யாரோ அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேள்வி இப்படி வந்திருக்காது. வீட்டிலோ ஆபீசிலோ, யார் என்று தெரியவில்லை. என்னிடமும் சொன்னார்கள். "அவர் போதும்னு போறார், உனக்கு இதுல என்ன நஷ்டம்?" என்று.

என் ஆள் இந்தியக் கால்பந்து அணியின் கேப்டனாக இருந்த சுனில் சேத்ரி. குவைத்துக்கு எதிராகக் கொல்கத்தாவில் ஜூன் 6-ஆம் தேதி ஆடப்போவதுதான் இந்தியாவுக்காகத் தன் கடைசி ஆட்டம் என்று 2024 மே 16 அன்று அவர் வீடியோ போட்டார். பார்த்ததும் வியாசர்பாடியில் இருக்கும் அப்பாவுக்கு போன் செய்தேன். அப்பா அந்தக் காலத்தில் முல்லை நகர் பக்கம் ஸ்டாப்பராக, அதாவது எதிரணி ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் ஆளாக ஆடியவர். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ரயிலுக்கு டிக்கெட் போடு" என்றார்.

அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று ஜெயித்தது, சேத்ரி ஹாட்ரிக். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு வீடியோவில் கெஞ்சினார்: திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று. அடுத்து கென்யாவோடு ஆடியது அவருடைய 100-வது ஆட்டம். கொட்டும் மழையிலும் மைதானம் நிரம்பியது, அவர் 2 கோல் போட்டார். அந்த வீடியோவை நானும் அப்பாவும் ஒன்றாக உட்கார்ந்துதான் பார்த்தோம். போகவில்லை. லீவு இல்லை, காசு இல்லை என்று ஏதோ சொல்லிக்கொண்டோம். ஒரு கேப்டன் வாய்விட்டுக் கூப்பிட்டும் போகாதது அப்பாவுக்கு ஆறு வருஷமாக உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

ஜூன் 4 காலை சென்ட்ரலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறினோம். போன வருஷம் இதே ஜூனில்தான் இந்த ரயில் விபத்தில் சிக்கியது என்று அம்மா முதல் நாள் ராத்திரி முழுக்கப் புலம்பினார். அன்றைக்குத் தேர்தல் முடிவு வேறு. பெட்டியில் எல்லார் போனிலும் ஓட்டு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மட்டும் மடியில் புளிசாதப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு சேத்ரி தலையால் முட்டிப் போடும் ஹெட்டர் கோல்கள் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். "ஆளு குட்டை. ஆனா பந்து வர்றதுக்கு முன்னாடியே எம்பிடுவான். ஸ்டாப்பர் கால் தூக்கும்போது இவன் மேல நிப்பான். எனக்கெல்லாம் இவன மார்க் பண்ண முடிஞ்சிருக்காது." தன்னை ஏமாற்றக்கூடிய ஒரு ஸ்ட்ரைக்கரை அப்பா இவ்வளவு பிரியமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இந்தியாவுக்காக அவர் அதுவரை போட்ட 94 கோலும் மாலத்தீவு, நேபாளம் மாதிரி அணிகளுக்கு எதிராகத்தானே என்று கீழே யாராவது எழுதுவீர்கள். தெற்காசிய அணிகளுக்கு எதிராக நிறைய அடித்தார், உண்மைதான். 2011 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கும் தென்கொரியாவுக்கும் எதிராக அடித்தாரே? 2019-ல் தாய்லாந்தை 4-1 என்று சாய்த்தபோது இரண்டு அடித்தாரே? 19 வருஷம், 151 ஆட்டம். நான் அவரை மெஸ்ஸியோடு ஒப்பிடவில்லை. எனக்கு மெஸ்ஸி டிவியில் இருப்பவர், இவர் எங்கள் கேப்டன்.

ஆட்டம் 0-0. நன்றாக ஆடினோம் என்று சொல்ல மாட்டேன். சால்ட் லேக் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். பக்கத்தில் இருந்த வங்காளிப் பெரியவர் ஜால்முரிப் (அவர்கள் ஊர் காரப்பொரி) பொட்டலத்தை அப்பா பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. விசில் ஊதியதும் சேத்ரி மைதானத்தைச் சுற்றி வந்தார். வீரர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்ட, நடுவில் நடந்து வரும்போது உடைந்து அழுதார். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பெரியவர் அவர் தோளில் கை வைத்தார். நானும் அழுதேன். எனக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஐந்தே நாளில், அவர் இல்லாத முதல் ஆட்டத்தில், கோட்டைத் தாண்டிப் போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் போட்ட கோலை நடுவர் ஒத்துக்கொண்டார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று அத்தோடு போயிற்று. அந்த வருஷம் இந்தியா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

அடுத்த சேத்ரி ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்கிருந்து வருவான்? கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். என் மகன் படிக்கும் பள்ளியில் சேர்க்கும்போது பெரிய மைதானத்தைக் காட்டினார்கள். இப்போது அதில் பாதி வேன் நிறுத்தும் ஷெட். பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். போய்க் கேட்டதற்கு, "மார்க் குறைஞ்சா நீங்கதானே சார் முதல்ல வந்து நிப்பீங்க?" என்றார்கள். பையன் வாரத்தில் ஒரு நாள்கூட பந்தைத் தொடுவதில்லை. வருஷா வருஷம் ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் மட்டும் வாங்குகிறார்கள்.

சரி. 2025 மார்ச்சில் சேத்ரி ஓய்விலிருந்து திரும்பி வந்தார். "அழுததெல்லாம் வீணா?" என்று ஆபீசில் கேட்டார்கள். கோல் போட ஆளில்லாத அணிக்கு 40 வயதில் ஒருவர் திரும்ப வந்து நின்றார், இதில் கேலிக்கு என்ன இருக்கிறது? ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று ஜெயித்தோம். மூன்றாவது கோல் அவருடையது, 95-வது. லிஸ்டன் கொலாசோ தூக்கிக் கொடுத்த பந்து.

கோல் விழுந்த அரை நிமிடத்தில் அப்பாவிடமிருந்து போன். ஹலோகூட இல்லை.

"தலையாலதான்டா!"