பதிவுத் திருமணம் இருக்க, இன்னொன்று எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டனில் ஓர் ஆணும் பெண்ணும் 'திருமணம் வேண்டாம், சிவில் பார்ட்னர்ஷிப் (திருமணம் என்ற பெயரில்லாமல் சட்டப்படி பதிவு செய்யும் இணைவாழ்வு) போதும்' என்று உச்ச நீதிமன்றம் வரை சென்றதைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-லேயே சட்ட ஏற்பு தந்த மாநிலத்துக்காரனாகக் கேட்கிறேன். சடங்கு பிடிக்காதவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாமே? உரிமைகள் ஏறத்தாழ ஒன்றே எனும்போது, ஒரு பெயருக்காக வழக்காடுவது வசதி படைத்தவர்களின் பிடிவாதம் அல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிடிவாதம்தான், ஆனால் அதற்கு இடம் வைத்தது அரசு. 2004-ஆம் ஆண்டுச் சட்டம் சிவில் பார்ட்னர்ஷிப்பை ஒருபால் இணையருக்கு மட்டும் தந்தது. அன்று அவர்களுக்குத் திருமண உரிமை இல்லாததால் அதில் ஒரு நியாயம் இருந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் திருமணத்தையும் அவர்களுக்குத் திறந்துவிட்டு, பழைய ஏற்பாட்டையும் அப்படியே விட்டுவைத்ததால், அவர்களுக்கு இரண்டு வழி, ஆண்-பெண் இணையருக்கு ஒன்றே என்றானது. நீங்கள் சொல்லும் அந்த இணையர், ரெபெக்கா ஸ்டைன்ஃபெல்டும் சார்லஸ் கெய்டனும், 2014-இல் லண்டனில் சிவில் பார்ட்னர்ஷிப் பதிவு செய்யப் போய், மறுக்கப்பட்டுத் திரும்பியது இதனால்தான்.

பாகுபாடு இருப்பதை அரசு வழக்கில் மறுக்கவில்லை; யோசித்து முடிவெடுக்க அவகாசம் வேண்டும் என்றது. தானே உண்டாக்கிய ஏற்றத்தாழ்வுக்கு அவகாசம் கேட்பதை 2018 ஜூனில் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து நிராகரித்தனர். நாடாளுமன்றச் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் அங்குள்ள நீதிமன்றத்துக்கு இல்லை என்பதால், அச்சட்டம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்று அறிவிப்பதோடு நீதிமன்றம் நின்றது. 2019-இல் புதிய சட்டம் வந்து, அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதல் ஆண்-பெண் இணையர்கள் பதிவு செய்துகொண்டனர்.

பதிவுத் திருமணத்தில் சட்டம் வகுத்த உறுதிமொழியை இருவரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சிவில் பார்ட்னர்ஷிப்பில் சாட்சிகள் முன் கையெழுத்திட்டால் போதும். திருமணப் பதிவேட்டில் 2021 மே வரை தந்தையரின் பெயருக்கும் தொழிலுக்கும் கட்டம் இருந்தது, தாய்க்கு இல்லை; பார்ட்னர்ஷிப் ஆவணத்தில் தாயும் இருந்தார். உங்கள் சுயமரியாதை உதாரணமும் உங்களுக்கு எதிராகவே நிற்கிறது. அந்த அழைப்பிதழ்களில் 'வாழ்க்கை இணையேற்பு விழா' என்று அச்சிட்டவர்களுக்குப் பெயர் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

வசதி பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் தள்ள முடியவில்லை. எதிலும் கையெழுத்திடாமல் இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், இங்கிலாந்தில் மற்றவருக்குச் சொத்தில் தானாகப் பங்கு வராது. நீதிமன்றம் ஏறித்தான் கேட்க வேண்டும். அவர்களுக்கு இந்த வெற்றியால் எதுவும் மாறவில்லை.