செப்சிஸும் சைட்டோகைன்களும்: கேள்வி பதில்

கேள்வி: கிருமியைவிட உடம்பின் எதிர்ப்பே ஆளைச் சாய்க்கிறது என்கிறார்களே, எப்படி?

பதில்: விரலில் முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 ஆகிய சைட்டோகைன்களை (செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்களை) சுரந்து, அருகிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்துக் கசியவிட்டு, வெள்ளணுக்களுக்கு வழி திறப்பதால் வருவது அது. விரல் நுனியில் நன்மை செய்யும் அதே கசிவு உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால், இரத்த அழுத்தம் விழுந்து, நுண்குழாய்களில் இரத்தம் உறைந்து, நுரையீரலில் நீர் கோத்து, சிறுநீரும் குறைந்துவிடும். தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை நெறிகெட்டு, உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு உறுப்புகள் பழுதாவதையே 2016ஆம் ஆண்டின் வரையறை செப்சிஸ் என்கிறது.

கேள்வி: அப்படியானால் டி.என்.எஃப்.ஐத் தடுத்துவிட்டால் போதாதா?

பதில்: 1990களில் அதைத்தான் செய்து பார்த்தார்கள்; டி.என்.எஃப்.ஐ முடக்கி விலங்குகளைக் காப்பாற்றிய எதிர்ப்பொருள்கள் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. விலங்குச் சோதனைகளில் பெரும்பாலும் நோயை உண்டாக்கச் செலுத்திய நச்சுக்கு முன்போ அதனுடனோ மருந்து தரப்பட்டது. மனிதர் ஐசியுவுக்கு வந்து சேர்வதற்குள் டி.என்.எஃப். ஏறி இறங்கியிருக்கும். போதாததற்கு, அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10உம் கூடவே சுரப்பதால், சில நாட்களில் எதிர்ப்பாற்றல் சோர்ந்து இரண்டாவது தொற்று புகுந்துகொள்வதுண்டு. ஏறுமுகத்தை மட்டும் சொல்லும் ‘சைட்டோகைன் புயல்’ என்ற பெயர் எனக்கு உவப்பில்லாததற்கு இதுவே காரணம்.

கேள்வி: சி.ஆர்.பி. 96 என்று வந்திருக்கிறது. புயலா?

பதில்: இன்டர்லூக்கின்-6இன் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் புரதம் அது. எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. நேரில் பார்த்த மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட எந்தக் கஷாயம் நல்லது?

பதில்: இதே கேள்வி இன்று நான்காவது முறை. மேலே எழுதியதைப் படித்த பிறகும் ‘கூட்ட’த்தான் வேண்டுமா?

கேள்வி: எதிர்ப்பே எதிரி என்றால், காய்ச்சல் கண்ட அன்றே அதை அடக்கும் ஸ்டீராய்டு தரலாமே? கொரோனாவில் அதுதானே காப்பாற்றியது?

பதில்: யாரைக் காப்பாற்றியது என்று பாருங்கள். பிரிட்டனின் ரிகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் 28 நாள் இறப்பை டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் தென்படவில்லை. மருந்து பெற்றோரில் 17.8, பெறாதோரில் 14 விழுக்காட்டினர் இறந்தனர்.

மறுகேள்வி: அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாமே? கெடுதல் என்று நிறுவப்படவில்லையே.

பதில்: சரியான மறுப்பு; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலன் தென்படாத மருந்துக்குத் தீங்கு நிறுவப்படவில்லை என்பது பரிந்துரை ஆகாது. முதல் நாட்களில் வைரஸைக் கட்டுப்படுத்துவது இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைன். கடுமையான கொரோனா நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தம் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தமை 2020இல் தெரியவந்தது. எதிர்ப்பு குறைந்தும் உயிர் போகும். 2021இல் இந்தியாவில் கரும்பூஞ்சை பரவியதில் சர்க்கரை நோயோடு வரைமுறையற்ற ஸ்டீராய்டுக்கும் பங்குண்டு.

கேள்வி: வீட்டில் மிச்சமிருக்கும் டெக்சா மாத்திரையை அப்பாவுக்கு ஒன்று மட்டும் தரலாமா?

பதில்: கூடாது. மூச்சு நிமிடத்துக்கு 22ஐ எட்டினாலோ பேச்சு குழறினாலோ மாத்திரையைத் தேடாமல் ஆம்புலன்சை அழையுங்கள்.