நிற்க வைத்தே சினைப்பைக் கட்டியை எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பந்தயக் குதிரைக்கு எட்டு வயது. ஆறு மாதமாகப் பருவத்துக்கு வரவில்லை. ஆண் குதிரை மாதிரி மற்ற பெண் குதிரைகள் மேல் ஏறுகிறது, பக்கத்தில் கட்டினால் கடிக்கிறது. ஸ்கேனில் இடது சினைப்பை 12 செ.மீ., வலது மிகச் சிறியது. வயிற்றைக் கிழிக்காமல் எடுக்க முடியுமா? எப்போது வண்டியில் பூட்டலாம்? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: முடியும். ஒரு பக்கம் வீக்கம், மறுபக்கம் சுருக்கம், ஆண் குதிரைக் குணம் மூன்றும் சேர்ந்தால் கிரானுலோசா செல் கட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெண் குதிரையின் சினைப்பையில் அதிகம் வரும் கட்டி இதுவே, பரவுவது அபூர்வம். இது சுரக்கும் இன்ஹிபின் என்னும் ஹார்மோன் மறுபக்கச் சினைப்பையையும் முடக்கிவிடும். ரத்தத்தில் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வலது சினைப்பையை எடுக்கச் சொல்லாதீர்கள். கட்டி போனபின் சில மாதங்களில் அது விழித்துக்கொள்ளும், குட்டியும் ஈனலாம்.

பழைய வழி, யோனிச் சுவரைக் கீறிக் கையை உள்ளே விட்டு, சங்கிலிக் கருவியால் சினைப்பையின் காம்பை நெரித்து அறுப்பது. வெளியே தழும்பு தெரியாது, செலவும் குறைவு. ஆனால் கண்ணால் பார்க்காத வேலை. குடல் மடிப்பு சங்கிலியில் சிக்கலாம், காம்பு கசிந்தாலும் தெரியாது. இந்த அளவுக் கட்டிக்கு அது வேண்டாம்.

லேப்ராஸ்கோப்பிதான் சரி. குதிரையைப் படுக்கவைக்காமல் ட்ரெவிஸில் (அசையாமல் நிறுத்தும் கம்பிச் சட்டம்) நிறுத்தி, டெட்டோமிடின் ஊசியின் அரைமயக்கத்தில், இடது பசிக்குழியில் (விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளம்) மரப்பு ஊசி போட்டுச் சுமார் 1 செ.மீ. அளவில் மூன்று துளை இடுவார்கள். கரியமில வாயு ஏற்றி உள்ளே இடம் உண்டாக்கி, ஒன்றில் கேமரா, மற்றவற்றில் இடுக்கியும் காம்பைச் சுட்டு மூடி வெட்டும் கருவியும் போகும். காம்புக்கும் மரப்பு ஊசி போடாமல் இழுத்தால் மயக்கத்திலும் குதிரை துள்ளும். இடப்பக்கம் மண்ணீரல் இருப்பதால் துளைக்கருவி தவறினால் ரத்தம் கொட்டும். கட்டி அந்தத் துளையில் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அதைப் பைக்குள் போட்டு, நீர்க்கொப்புளங்களை உறிஞ்சிச் சுருக்கி, ஒரு துளையை விரித்துத்தான் எடுப்பார்கள். ஆகவே ஒரு தையல் நீளமாகவே இருக்கும்.

உங்கள் பங்கு அதற்கு முன்பே தொடங்குகிறது. 24 முதல் 36 மணி நேரம் புல், கொள்ளு, வைக்கோல் எதுவும் கூடாது, தண்ணீர் கொடுக்கலாம். குடல் நிறைந்திருந்தால் கேமராவில் சினைப்பையே தெரியாது. பசியில் கட்டுத்தறி மணலை நக்காமல் வாய்க்கூடை போடுங்கள். நம் கடற்கரைப் பக்கம் தரையில் தீனி போட்டே பழக்கம் என்பதால், வாரம் முன்பே ஒன்று பாருங்கள்: புதுச் சாணி ஐந்தாறு உருண்டையைக் கண்ணாடிப் பாட்டிலில் நீர் விட்டுக் கரைத்து அரைமணி வையுங்கள். அடியில் மணல் படிந்தால் மருத்துவரிடம் சொல்லி முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள்; மணல் அடைத்த குடலோடு அறுவைக்குப் போனால் பிறகு வயிற்றுவலியில் உருளும். டெட்டனஸ் தடுப்பூசி நிலுவை இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், குதிரைக்கு டெட்டனஸ் நோய் எமன்.

அறுவைக்குப் பின் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள். தோலடியில் காற்று சேர்ந்து தொட்டால் நொறுநொறுக்கும். சில நாளில் தானே போய்விடும். காய்ச்சல், ஈறு வெளிறல், சாணி போடாமை இருந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை கையில் பிடித்து நடை மட்டும். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடலில் குளிப்பாட்ட வேண்டாம். நான்காவது வாரத்தில், மருத்துவர் புண்ணைப் பார்த்துச் சரி என்றால், காலி வண்டியில் பூட்டலாம். ஏர்க்கால் பசிக்குழியில் உரசுகிறதா என்று முதல் நாளே கவனியுங்கள். குணம் உடனே மாறாது, மாதக்கணக்கு ஆகலாம். அதுவரை மற்ற குதிரைகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

ஒரத்தநாடு, திருநெல்வேலி, சென்னை வேப்பேரி என எந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதானாலும், பெரிய விலங்குக்கான நீளக் கேமராவும் காம்பு மூடும் கருவியும் இருக்கிறதா, குதிரையில் செய்து பழகியவர் அன்று இருப்பாரா என்று கேட்டுவிட்டு லாரி பிடியுங்கள்.